மைனஸ் பதினெட்டு

வரோனெஷில் இன்றைக்கு மைனஸ் பதினான்கு.
மண்டபத்தில் இருபத்தாறு, மழையில்லை.
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்.
வாடை கிளப்பிய மணல்
என் ருஷ்ய இலக்கணத்தின் வேற்றுமைப் பாடத்தில் விழுந்து
பக்கம் திருப்பும்போதெல்லாம் நறநறக்கிறது.

இன்னும் பதினேழு நாள்.
கம்பளிக் காலுறை மூன்று ஜோடி, மதுரையில் வாங்கியது.
காதர் மாமா கப்பலில் சமைத்த காலத்துக் கோட்டு,
கை என் விரல் நுனியைத் தாண்டி நாலு அங்குலம்,
உள்பையில் எந்த ஊரென்று தெரியாத ஒரு பஸ் டிக்கெட்.
சூடைக் கருவாட்டை விமானத்தில் விடமாட்டார்கள் என்றேன்.
உம்மா அதை இரண்டு சின்னப் பொட்டலமாகப் பிரித்துக் கட்டினாள்.

வாப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:
அங்கேயிருந்து கடல் எவ்வளவு தூரம்?
வரைபடத்தில் பார்த்து
கிட்டத்தட்ட ஐந்நூறு கிலோமீட்டர் என்றேன்.
கரையேற்றிய வள்ளத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.
"அப்ப அந்த ஊருக்கு யாரு மீன் கொண்டாருவா?"

போன மாதத் தேர்வில்
'நான் குளிராக இருக்கிறேன்' என்று எழுதி
மூன்று மதிப்பெண் போனது.
இங்கிலீஷ் வழியாகச் சுற்றிப் போயிருந்தேன்.
நான் எழுதியதற்கு அந்த மொழியில்
'நான் ஈரமில்லாத பெண்' என்று அர்த்தமாம்.
வகுப்பே சிரித்தது. திரையில் பதினோரு சதுரம்,
பதினோரு சிரிப்பு, என்னுடையதையும் சேர்த்து.

கிறிஸ்டில்டா இறால் கம்பெனியில் இரவு ஷிப்ட்.
"சூப்பர்வைசர் டீக்குப் போனா பத்து நிமிஷம்.
கோட்ட எடுத்துக்கிட்டு வா, போட்டுப் பாத்துருவோம்" என்றாள்.
தண்ணீர் சொட்டும் பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கி
என்னை உள்ளே தள்ளினாள்.
மைனஸ் பதினெட்டு.
கூரை வரை அட்டைப் பெட்டிகள்,
எனக்கு முன்னால் விசா வாங்கிவிட்ட இறால்கள்.

மூச்சு வெள்ளையாக வந்தது.
முதல்முறை பார்க்கிறேன், என் மூச்சை.
பாடம் பண்ணியதை அதன் மேல் எழுதுவதுபோல் சொன்னேன்:
வணக்கம், என் பெயர் நஃபீலா,
மண்டபத்திலிருந்து வருகிறேன்,
எங்கள் ஊருக்கு இரண்டு பக்கமும் கடல்,
இரண்டு பக்கமும்,
இரண்டு.
உதடு மரத்துப்போய், மெய்யெழுத்துகள் பல்லில் முட்டி நின்றன.

"என்னடி பண்ணுது?" வெளியிலிருந்து கிறிஸ்டில்டா.

"எனக்குக் குளிருது."

சொன்ன பிறகுதான் கேட்டது, நான் சொன்னது.
எனக்கு. குளிருது.
ம்னே. ஹோலத்ன.
ஒட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்,
அவர்களுக்கும் குளிர், வந்து ஏறுகிற ஒன்றுதான்.
நமக்கு நான்காம் வேற்றுமை, அவர்களுக்கு மூன்றாவது;
வாசல் எண்தான் வேறு.
இதை ஒரு வருஷம் இங்கிலீஷில் தேடியிருக்கிறேன்,
மூக்கு நுனி உணர்வில்லாமல் நின்று
பெட்டிகளைப் பார்த்துச் சிரித்தேன்.

வெளியே வந்ததும் கண்ணாடி முழுக்கப் புகைந்துவிட்டது.
ஒன்றும் தெரியவில்லை.
முகம் தெரியாத இடத்திலிருந்து அவள் கேட்டாள்,
குரலைத் தாழ்த்தி: "பயமாருக்கா?"
வீட்டில் யாரும் கேட்காதது.
தமிழில் சொன்னால் அழுதுவிடுவேன்.
"ம்னே ஸ்த்ராஷ்ன" என்றேன்.

"அது என்ன மீனு?"

சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம்.
பின்வாசல் வழியாக ஓடினோம், அவள் கையுறையோடு.

வீடு வரைக்கும் வாடை.
கடலிலிருந்து ஒன்று, கோட்டிலிருந்து ஒன்று.
அகராதியில் பார்த்தேன்,
அவர்களிடம் இரண்டுக்கும் வேறு வேறு சொல்.
நோட்டில் அடுத்தடுத்து எழுதிவைத்தேன்,
நடுவில் கொஞ்சம் இடம் விட்டு.